மூட்டு மாற்றினவங்க நடையைக் கேலி பண்ணாதீங்க

 

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தா முழுசா படிச்சிட்டுக் கோபப்படுங்க.

தைப்பூசம் நெருங்கினாலே நம்ம வாட்ஸாப் குழுக்கள்ல ஒரு பேச்சு கிளம்பிடும். "முட்டி ஆபரேஷன் பண்ணவங்க எதுக்குப் பத்துமலைக்கு நடக்கணும்? கையில ஊன்றுகோல், கால்ல ஷூ, வழியெல்லாம் நாற்காலி. இதுக்குப் பேர் பாத யாத்திரையா? நம்பிக்கை இருந்தா வெறுங்கால்ல நடக்கணும். இல்லன்னா வீட்டுல உட்கார்ந்து டிவியில பார்க்கணும்." இப்படி எழுதுறவங்க பெரும்பாலும் முட்டி வலி தெரியாத வயசுக்காரங்க. அதுல பாதி பேர் கொமுட்டர் ரயில்ல வந்து இறங்குறவங்க.

ரதம் போற வழியில தண்ணீர்ப் பந்தல்ல பல வருஷமா நிக்கிறவன் நான். அந்த அனுபவத்துல சொல்றேன், இந்தப் பேச்சு சமயத்துக்கும் பொருந்தாது, உடம்புக்கும் பொருந்தாது.

முதல்ல சமயம். காவடிக்கு மூலவர் யாரு? இடும்பன். ரெண்டு மலையைத் தோள்ல சுமந்து வந்தவன், வழியில களைச்சுப் போய் இறக்கி வச்சு ஓய்வெடுத்தான். அவன் இறக்கி வச்ச இடம்தான் பழனி. முதல் காவடிக்காரனே களைப்பாறியிருக்கான். நம்ம பந்தல்ல ஒரு பாட்டி பத்து நிமிஷம் உட்கார்ந்தா மட்டும் நேர்த்திக்கடன் கெட்டுப் போயிடுமா?

"அப்பர் சுவாமி கால் தேய்ஞ்சும் விடாம ஊர்ந்து போகலையா?" என்று ஒருத்தர் கேட்பார். போனார். வயசான காலத்துல கயிலைக்கு நடந்தார், கால் தேய்ஞ்சது, கையால தவழ்ந்தார், மார்பால ஊர்ந்தார், உருண்டார். ஆனா கதையைப் பாதியில நிறுத்தாதீங்க. இறைவன் அவரை "இன்னும் உருளு" என்று சொன்னாரா? வழியில வந்து தடுத்தார். ஒரு குளத்துல மூழ்கச் சொல்லி, திருவையாற்றுல எழ வச்சு, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தார். அப்பருக்கே இறைவன் அந்தச் சலுகை கொடுத்தார். அதை இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டேன்னு சொல்ல நாம யாரு?

பழனிக்குப் போனவங்களுக்குத் தெரியும். படி ஏற முடியாதவங்களுக்கு யானைப்பாதை இருக்கு. இழுவை ரயில் இருக்கு, 2004லிருந்து ரோப் காரும் ஓடுது. ஆண்டவன் ஊர்லயே இவ்வளவு இடம் கொடுத்திருக்காங்க. கோலாலம்பூர்ல நமக்கு மட்டும் என்ன இவ்வளவு கறார்?

அடுத்தது உடம்பு. நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். மெஷின்ல பேரிங் மாற்றினா முதல் நாளே முழு லோடு கொடுக்க மாட்டோம். மெதுவா ஓட விட்டு, சத்தம் கேட்டு, சூடு பார்த்துத்தான் ஏத்துவோம். மாற்றின முட்டியும் அப்படித்தான். சாதாரணமா நடக்கவே சில மாசம் ஆகும், முழுசா தேற ஒரு வருஷம்கூட ஆகலாம். நல்லா பழகிட்டா நடை அந்த மூட்டுக்கு எதிரி இல்லை. டாக்டர்களே நடங்கன்னுதான் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு அவங்களை வீட்டுல உட்காரச் சொல்றீங்க?

ஆபத்து நடையில இல்லை, வெறுங்கால் வீம்புலதான் இருக்கு. ரதத்துக்கு உடைச்ச தேங்காய் ஓடு ரோடு முழுக்கக் கிடக்கும். நம்மாளுங்கள்ல இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு. இனிப்புநீர் முத்தினவங்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும், வெட்டினாலும் தெரியாது. அந்தப் புண்ணுல நுழையுற கிருமி ரத்தத்துல கலந்து மாற்றின மூட்டுல போய் உட்கார்ந்துக்கும். உட்கார்ந்தா சீக்கிரம் போகாது. சில பேருக்கு மூட்டையே கழற்ற வேண்டி வரும்.

இது புத்தகத்துல படிச்சு மட்டும் சொல்லல. ஒரு வருஷம் எங்க பந்தலுக்கு ஒரு அம்மா வந்தாங்க. அறுபத்தஞ்சு வயசு தாண்டியிருக்கும். முட்டி மாற்றி ரெண்டு வருஷம், நல்ல ஷூ, மகள் கூட. பக்கத்துல நின்ன ஒருத்தர், "ஆன்ட்டி, ஷூ போட்டு நடந்தா பலன் சேராது" என்றார். நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள அவங்க கழற்றி மகள் பையில போட்டுட்டாங்க. மூணு வாரம் கழிச்சு மகள்தான் போன் பண்ணாங்க. பாதத்துல புண், காய்ச்சல், முட்டி வீங்கி, மறுபடியும் திறந்து கழுவியிருக்காங்க. கால் தப்பிச்சது. சொன்னவருக்கு இன்னைக்கு வரைக்கும் எதுவும் தெரியாது. ஒரு வாய்ச்சொல்லுக்கு அந்த அம்மா ஆறு மாசம் படுக்கையில கிடந்தாங்க.

இன்னொன்னும் கேட்கிறேன். சுற்றுப்பயணிங்க ஷூவோட அந்த 272 படி ஏறி குரங்கோட படம் எடுத்துட்டுப் போறாங்க. யாராவது கேட்டிருக்கோமா? நம்ம வீட்டுக் கிழவி ரோட்டுல ஷூ போட்டா மட்டும் சாஸ்திரம் ஞாபகம் வருது.

அதுக்காக எல்லாரும் கிளம்பி வாங்கன்னு சொல்லல. ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசத்துல "முருகன் பார்த்துப்பான்" என்று நடக்கிறதும் தப்பு. டாக்டர்கிட்ட கேளுங்க. தீபாவளியிலிருந்தே தினம் கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகுங்க. பத்துமலை வரைக்கும் 15 கிலோமீட்டர் போல வரும். கடைசி அஞ்சு மட்டும் நடந்தாலும் அது யாத்திரைதான். படியில ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல, கை கம்பியில இருக்கணும். ஏறுறதைவிட இறங்குறதுதான் முட்டிக்குச் சிரமம். முடியலையா? அடிவாரத்துல நின்னு கும்பிடுங்க. 140 அடி முருகன் மலை உச்சியில நிக்கலையே, நமக்காகக் கீழேதானே நிக்கிறார்.

பிள்ளைங்களுக்கும் ஒரு வார்த்தை. "அம்மா, நீ போகாதே" என்று கதவைச் சாத்துறது பாசம் இல்லை. லீவு போட்டு கூட நடங்க.

தொண்டர்கள் கிட்ட மூணு விஷயம் கேட்கிறேன். ஒவ்வொரு பந்தல்லயும் உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலி பத்தாவது போடுங்க. குட்டை ஸ்டூல் வேண்டாம், மூட்டு மாற்றினவங்களால அதுல இருந்து எழுந்திரிக்க முடியாது. படி இறங்குற பக்கம் ரெண்டு பிள்ளைங்களை நிறுத்துங்க. மூணாவது, யாரையும் "ஏன் ஷூ, ஏன் ஸ்டிக்" என்று கேட்காதீங்க. கேட்கிறவங்களைப் பார்த்தா அங்கேயே மரியாதையா நிறுத்துங்க.

அவங்க நேர்த்திக்கடன் அவங்களுக்கும் முருகனுக்கும் நடுவுல இருக்கிற கணக்கு. அதுல நாம கணக்குப்பிள்ளை இல்லை. தண்ணி கொடுத்து, நாற்காலி போட்டு, வழிவிட்டு நிக்கிறதுதான் நம்ம வேலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!