ஜெர்மானியர் ‘மஸ்ட் நாட்’ என்று எழுதினால்...

பினாங்கு, கூலிம், மலாக்கா என்று நம் நாட்டில் பல இடங்களில் ஜெர்மன் நிறுவனங்கள் இருக்கின்றன. போஷ், பி.பிரவுன், இன்ஃபினியன் என்று பெயரைச் சொன்னாலே, “எங்கள் அண்ணன் அங்கேதான் வேலை செய்கிறார்” என்று சொல்ல உறவில் ஒருவர் இருப்பார். அங்கே வேலை செய்வோர் ஜெர்மானியரோடு பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஜெர்மானியரின் ஆங்கிலமும் பொதுவாக நல்ல ஆங்கிலம்தான். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. திக்கித் திணறிப் பேசுபவரிடம் நாம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வோம். சரளமாகப் பேசுபவரைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘யூ மஸ்ட் நாட் அட்டெண்ட் த மீட்டிங்’ என்று இருக்கிறது. படிப்பவருக்கு முகம் சுருங்கிவிடும். ‘நான் என்ன தவறு செய்தேன், கூட்டத்திற்கு வரக்கூடாது என்கிறாரே’ என்று இரவெல்லாம் தூக்கம் வராது. எழுதியவர் நினைத்ததோ, ‘உங்களுக்கு வேலை அதிகம், நீங்கள் வர வேண்டியதில்லை’ என்பது. ஜெர்மன் மொழியில் ‘முஸ்’ என்றால் மஸ்ட், ‘நிஹ்ட்’ என்றால் நாட். இரண்டும் சேர்ந்தால் ‘வேண்டியதில்லை’ என்று பொருள். ஆங்கிலத்தில் அதே இரண்டு சொற்களும் சேர்ந்தால் ‘கூடாது’ ஆகிவிடும். அவர் எழுதியிருக்க வேண்டியது ‘நீட் நாட்’ அல்லது ‘டோன்ட் ஹேவ் டு’. தமிழில் வேண்டியதில்லை, கூடாது என்று இரண்டும் தனித்தனியாக இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பத்து மொழிகள். உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சில சொற்களிலேயே பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘ட’ ஒலி வரும் இடத்தில் ஜெர்மனில் பெரும்பாலும் ‘ஸ்’ அல்லது ‘ட்ஸ்’ வரும்: வாட்டர் – வாஸர், டென் – ட்ஸேன். ‘ப’ வரும் இடத்தில் ‘ஃப்’ வரும்: ஷிப் – ஷிஃப். தேங்க் அங்கே டாங்க். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம்தான் 1822இல் இந்த ஒலி மாற்றங்களை ஒழுங்குபடுத்தி விளக்கினார். இப்படிப்பட்ட உறவு இருப்பதால், ஆங்கிலம் படிக்கும் ஜெர்மன் பிள்ளை பல சொற்களை அகராதி பார்க்காமலேயே ஊகித்துவிடும்.

அந்த ஊகம்தான் சில இடங்களில் காலை வாரிவிடுகிறது. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மலையாளி நண்பர் ‘வெள்ளம்’ கேட்டால் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தால் போதும். நம் ஊரில் வெள்ளம் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஜெர்மனில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு. இதுவும் ஆங்கில கிஃப்ட்டும் ஒரே வேரில் பிறந்தவை. ‘கொடுப்பது’ என்பதே மூலப்பொருள். கொடுத்தது மருந்தாகி, மருந்து நஞ்சாகிவிட்டது போலும். பழைய பொருள் அங்கே இன்னும் ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘மிட்கிஃப்ட்’ என்றால் வரதட்சணை. (அதையும் நஞ்சு என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு.) ‘பெகோமன்’ என்றால் பெறுவது. அதனால், ‘எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா’ என்று கேட்க நினைத்து, ‘நான் காப்பியாக மாறலாமா’ என்ற பொருளில் பிகம் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை.

சிரிக்க முடியாதவை வேறு. ‘எவென்டுவெல்’ என்றால் ஜெர்மனில் ‘ஒருவேளை’. ஆங்கில ‘இவென்சுவலி’க்கு ‘கடைசியில் எப்படியும்’ என்று பொருள். ‘வீ வில் இவென்சுவலி ஆர்டர்’ என்று எழுதுபவர் ‘வாங்கினாலும் வாங்குவோம்’ என்கிறார். படிப்பவர் ‘எப்படியும் வாங்கிவிடுவார்கள்’ என்று நம்பிச் சரக்கை வாங்கி அடுக்கிவிடுகிறார். ‘அக்டுவெல்’ என்றால் தற்போதைய. அவர் ‘ஆக்சுவல் பிரைஸ்’ கேட்டால், ‘உண்மையான விலை என்ன’ என்று நம்மைச் சந்தேகிக்கவில்லை. இன்றைய விலைப்பட்டியலைத்தான் கேட்கிறார்.

‘பிஸ்’ என்ற சிறிய சொல் இன்னும் மோசம். ‘வரை’, ‘குள்’ இரண்டுக்கும் ஜெர்மனில் அது ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘அண்டில்’ வேறு, ‘பை’ வேறு. ‘ஐ நீட் த மெஷின் அண்டில் ஃபிரைடே’ என்றால், வெள்ளிக்கிழமை வரை இயந்திரம் தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஆங்கிலம் சொல்கிறது. அவர் கேட்டதோ, வெள்ளிக்கிழமைக்குள் அது வந்து சேர வேண்டும் என்று.

இலக்கணத்தில் ஓர் இடத்தில் நாமும் அவர்களும் ஒரே கட்சி. ‘மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், ஜெர்மனிலும் அப்படியே. அதனால் இரு தரப்பும் ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று சொல்லி, ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொள்கிறோம். நடுவில் ஓர் ஆங்கிலேயர் இருந்தால் அவர்தான் விழிப்பார். ஆனால் ‘ஹௌ லாங் ஆர் யூ ஹியர்?’ என்று புதிய மேலாளர் கேட்டால் மட்டும் கவனியுங்கள். ‘இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள்’ என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்று அன்பாக விசாரிக்கிறார். ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

எண்களிலும் விழிப்பு வேண்டும். 54 என்பதை அவர்கள் ‘நான்கும் ஐம்பதும்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் அவசரமாகச் சொல்லும்போது 45 ஆகிவிட வாய்ப்புண்டு. தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். 1.250 யூரோ என்று அவர்கள் எழுதினால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. நூறு கோடிக்கு ஜெர்மனில் ‘மிலியார்டே’. அவர்களுடைய ‘பில்லியன்’ அதைவிட ஆயிரம் மடங்கு பெரியது, அதாவது லட்சம் கோடி.

இதற்காக மேலாளரின் ஆங்கிலத்தைத் திருத்தப் போக வேண்டாம். பதில் எழுதும்போது அவர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பி எழுதுங்கள்: ‘வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறோம், சரிதானே?’ நேரம் குறிக்கும்போது இது இன்னும் முக்கியம். ‘ஹால்ப் ஆஹ்ட்’, அதாவது ‘பாதி எட்டு’ என்றால் ஜெர்மனில் ஏழரை மணி. எட்டை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்ற கணக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் எய்ட்’ என்றால் எட்டரை. அவர் ‘ஹாஃப் எய்ட்’ என்று விருந்துக்கு அழைத்தால், 19.30 தானே என்று கேட்டுவிடுங்கள். 24 மணி நேரக் கணக்கு அவர்களுக்குப் பழகியதுதான், உணவும் ஆறாது.