கேலியில் சமத்துவமா?

"எல்லோரையும் ஒன்றுபோலத்தான் கேலி செய்கின்றோம்" என்று கேலிச் சித்திரக்காரர்கள் பெருமை பேசுகின்றார்கள். அது வாஸ்தவந்தானா?

1987-ல் மந்திரிகளையும் சட்டசபை அங்கத்தினர்களையும் அட்டைப்படத்தில் பரிகசித்ததற்காக, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பலத்த கண்டனத்துக்குப் பிறகே விடுதலை. 2025-ல் பிரதமரை விலங்குடன் வரைந்ததற்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது.

சரி, இராயபுரத்து மீனவரின் பேச்சையும் திருவொற்றியூர்த் தொழிலாளியின் லுங்கியையும் ரௌடிக்கு அடையாளமாக்கிச் சித்திரத்திலும் சினிமாவிலும் சிரிக்கின்றார்களே, அதற்கு எந்தச் சபை கூடிற்று? இந்த நிலையில் சித்திரக்காரரின் பேனா எந்தப் பக்கம் சாயும்?

ஆசிரியராவது வழக்காடி, 1994-ல் ஐக்கோர்ட்டில் 1,000 ரூபாய் நஷ்டஈடு பெற்றார். எண்ணூர் மீனவத் தோழர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?