ஃபார்வர்டு செய்யுமுன் கேளுங்கள்



"புற்றுநோய் ஸ்டெம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கினால் போதும், கீமோ வேண்டாம்" என்று சொல்லி, வைட்டமின், பூச்சி மாத்திரை, உபவாசம் என ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. லுக்கேமியா உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு அதை அனுப்புவது உதவியல்ல, ஆபத்து. ஒரு நர்ஸாக இதுவே என் கருத்து.

அதில் பாதி உண்மை இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாதான் செல்லுக்குச் சக்தி தருகிறது. கீமோவுக்குத் தப்பி, நோயைத் திரும்பக் கொண்டுவரும் லுக்கேமியா ஸ்டெம் செல்கள் பல அந்தச் சக்தியை நம்பியே பிழைக்கின்றன. வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை, மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தைத் தடுத்து அந்தச் செல்களைச் சாகவைக்கிறது. ஏஎம்எல் வகை லுக்கேமியா வந்த முதியவர்களுக்கு, வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. பிள்ளைகளுக்கும், முக்கியமாக நோய் திரும்பியவர்களுக்கு, ஆய்வுகளில் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதையும் பெரும்பாலும் கீமோவோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

"வைட்டமின்தானே, என்ன கெடுதல்?" என்பீர்கள். 1940களில் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் லுக்கேமியா பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தார். நோய் வேகமெடுப்பதாகக் கண்டார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் என்ன என்று யோசித்தார். தடுக்கும் மருந்தான அமினோப்டெரின், லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழுவிடமிருந்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த இவர், செல்லின் சக்திப் பொருளான ஏடிபியை 1929இல் கண்டறிந்தவர்களில் ஒருவர். 1948இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் சில காலம் தணிந்திருந்தது.

அதன் உறவுக்கார மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். ஏஎல்எல் வகை லுக்கேமியா உள்ள பிள்ளைகள் இன்றும் அதை வாரம் ஒருமுறை வீட்டில் எடுக்கிறார்கள். கேட்காமல் ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரை கொடுத்தால் அந்த மருந்தின் பலன் குறையலாம்.

இன்று பிரிட்டனில் ஏஎல்எல் வந்த பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பல ஆயிரம் குடும்பங்கள் ஆய்வுகளில் சேர்ந்ததால் கிடைத்த பலன் இது. நம் சட்டனிலேயே ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிள்ளையின் படுக்கைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையில் குறுக்குவழி இருந்தால், அதை முதலில் எடுப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

உதவ ஆசையா? ஜெபியுங்கள். மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போங்கள். வீட்டிலுள்ள தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சளி இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது அம்மை இருந்தாலோ போகாதீர்கள். அந்தப் பட்டியல் ஏற்கெனவே பெற்றோர் கைக்கு வந்திருந்தால், "முதலில் வார்டு நர்ஸிடமோ ஃபார்மசிஸ்டிடமோ காட்டுங்கள் அக்கா" என்று சொல்லுங்கள்.