வெயில் எல்லோருக்கும், வெந்நீர் யாருக்கு?

சாமளாபுரம், சோமனூர், மங்கலம், பல்லடம் வட்டாரத்தில் மழைக்குப் பஞ்சம் உண்டு. நொய்யலில் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு. கூலி உயர்வுக்கும் பஞ்சம் உண்டு. வெயிலுக்கு மட்டும் பஞ்சம் இல்லை. வருஷத்தில் சுமார் 300 நாட்கள் தெளிந்த வெயில் காயும் மாநிலம் இது என்று 2012ல் மாநில சர்க்கார் வெளியிட்ட சூரிய சக்திக் கொள்கை கூறியது. சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தொட்டியின் குழாயைத் திறந்தால் கை பொசுங்குகிறது. அந்தத் தண்ணீரை யாரும் விறகு வைத்துக் காய்ச்சவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் விசைத்தறித் தொழிலாளியின் மனைவி விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டியவளும் அவளேதான். மேலே சூரியன் இனாமாக வேலை செய்யக் காத்திருக்கிறது. கீழே உழைப்பாளிப் பெண் புகையில் கண்ணைக் கசக்குகிறாள். ஏன் இந்த நிலை?

வெந்நீர் ஆடம்பரமா?

"வெந்நீரில் குளிப்பது பணக்காரன் பழக்கம்" என்று சிலர் பேசுகிறார்கள். தறிக் குடோனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவனைக் கேட்டுப் பாருங்கள். தலைமுடியிலும் கழுத்திலும் பஞ்சுத் தூசு அப்பியிருக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்ணின் உடம்பும் அப்படியே. சாயப் பட்டறைத் தொழிலாளியின் கையில் சாயம், எண்ணெய், சோடா. வயலில் நாளெல்லாம் குனிந்து களை எடுத்தவளுக்கு இடுப்பு ஒடிகிறது. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் வயோதிகருக்கும் மார்கழிக் குளிரில் வெந்நீர் அவசியம். தொழிலாளி கை கால் கழுவுவதற்குத் தகுந்த வசதி செய்து தர வேண்டும் என்று 1948ம் வருஷத்திய பாக்டரி சட்டத்திலேயே எழுதியிருந்தது. உழைத்த உடம்பைச் சுத்தம் செய்துகொள்வது உழைப்பின் ஒரு பகுதி என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்கு அர்த்தம்.

இன்று கொடுக்கும் விலை

வெந்நீருக்கு ஏழை கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் விறகைப் பார்ப்போம். தென்னை மட்டை, பருத்திமார், சீமைக் கருவேல முள், எதுவும் கிடைக்காவிட்டால் பனியன் வேஸ்ட்டும் பிளாஸ்டிக் பையும் அடுப்புக்குள் போகின்றன. நூலில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் அதன் புகை நஞ்சு. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ம் வருஷத்தில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பகல் முழுவதும் பஞ்சுத் தூசைச் சுவாசித்த நெஞ்சு, காலையிலும் மாலையிலும் புகையையும் சுவாசிக்க வேண்டியிருக்கிறது.

விறகு கிடைக்காதவர்கள் ஹீட்டர் கம்பியை வாளிக்குள் போடுகிறார்கள். ஒரு 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்கக் கிட்டத்தட்ட அரை யூனிட் மின்சாரம் பிடிக்கும். நாலு பேர் உள்ள குடும்பம் தினம் நாலு வாளி காய்ச்சினால் இரண்டு மாதத்தில் 110 யூனிட்டைத் தாண்டும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016ல் வந்த சலுகை முழுவதையும் வெந்நீர் ஒன்றே குடித்துவிடுகிறது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் காசு கொடுக்க வேண்டும். லைன் வீடுகள் பலவற்றில் அந்தச் சலுகையும் குடியிருப்பவனை வந்து சேர்வதில்லை. வீட்டுக்காரர் தனி மீட்டர் மாட்டி, தாமே யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வசூலிக்கிறார். ஈரக் கையோடு கம்பியைத் தொட்டு உயிரை விட்டவர்களின் கணக்கோ எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை.

சூரிய வெந்நீர் எப்படி வருகிறது?

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கறுப்புப் பொருள் வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறுகிறது. குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்குகிறது. இந்த இரண்டு இயல்புகளையும் வைத்தே சாதனம் வேலை செய்கிறது. இப்போது கடைகளில் அதிகம் விற்கும் வகையில் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்கள் சாய்வாக வரிசையாக நிற்கின்றன. உள் குழாயில் கறுப்புப் பூச்சு இருக்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவே காற்று உறிஞ்சப்பட்டிருப்பதால் உள்ளே சென்ற சூடு வெளியே வருவதில்லை. டீ பிளாஸ்க் செய்கிற அதே வேலைதான். குழாயில் சூடான தண்ணீர் தானாகவே மேலே உள்ள தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியைச் சுற்றிச் சூடு தாங்கும் உறை இருப்பதால் மாலையில் சேர்ந்த வெந்நீர் மறுநாள் காலையிலும் சூடாகவே இருக்கும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், விறகு வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிய நாட்களில் அடுப்பை நாட வேண்டியிருக்கும். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் குழாயில் படிவு கட்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது கழுவி விட வேண்டும். இவையெல்லாம் சமாளிக்கக் கூடிய குறைகளே. சமாளிக்க முடியாததாக நம் முன் நிற்கும் தடை வேறு.

கூரை யாருடையது?

தண்ணீர்த் தொட்டி கூரைக்கு மேல் இருக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ கனம். அதற்கு மேல் சாதனத்தின் கனம். ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இதைத் தாங்காது. காங்கிரீட் கூரையுள்ள லைன் வீட்டில் குடியிருந்தாலோ, கூரை நம்முடையது அல்ல.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கூரைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்காரர். மின்சாரக் காசு கொடுப்பவன் குடியிருப்பவன். சாதனம் வைக்கும் செலவு வீட்டுக்காரருக்கு, மிச்சமாகும் பணம் குடியிருப்பவனுக்கு என்பதால் வீட்டுக்காரர் வைப்பதில்லை. நாளைக்கே காலி செய்யச் சொன்னால் போக வேண்டியவன் அடுத்தவர் கூரையில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் போட முடியாது. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்" என்பார்கள். சூரியன் வரம் கொடுத்தாயிற்று. கூரைக்காரர் கொடுக்கவில்லை.

சர்க்கார் என்ன செய்தது? 2010ல் தொடங்கிய தேசிய சூரிய சக்தித் திட்டம், 2022க்குள் 2 கோடி சதுர மீட்டர் அளவுக்கு வெயிலைச் சூடாக்கிப் பயன்படுத்தும் தகடுகளை நாட்டில் நிறுவுவதாக இலக்கு வைத்தது. வெந்நீர்ச் சாதனத்துக்கு 30 சதவிகித மானியமும் இருந்தது. 2014ல் அந்த மானியம் நிறுத்தப்பட்டது. கொஞ்ச காலம் கிடைத்த மானியமும் சொந்த மாடி வைத்திருந்தவர்களுக்கே பெரும்பாலும் பயன்பட்டது. 2024ல் மத்திய சர்க்கார் ஒரு கோடி வீடுகளில் சூரிய மின்சாரம் என்று புதிய திட்டம் அறிவித்தது. 3 கிலோவாட் பொருத்தினால் 78,000 ரூபாய் வரை மானியம். இதற்கும் சொந்தக் கூரை வேண்டும். லைன் வீட்டில் இருக்கும் பனியன் தொழிலாளிக்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருப்பவனுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

1930களில் பைகாரா மின்சாரம் கோவை ஜில்லாவுக்கு வந்தது. முதலில் மில்லுக்குப் போயிற்று. பிறகு கிணற்று மோட்டாருக்குப் போயிற்று. உழைப்பாளியின் குடிசைக்குக் கடைசியாக வந்தது. வெயிலையும் அதே வரிசையில் பங்கிடப் பார்க்கிறார்கள். இதை அனுமதிக்கலாகாது.

ஒரு கூரை, பத்து வீடு

இதற்கு வழி இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று என்று யோசிப்பதை விட்டு, லைனுக்கு ஒன்று என்று யோசிக்க வேண்டும். பத்து வீடுகள் உள்ள ஒரு லைன், நாற்பது பேர். 60 டிகிரிக்கு ஏறிய வெந்நீரைப் பச்சைத் தண்ணீருடன் கலந்து குளிப்பதால், ஆளுக்குப் பன்னிரண்டு லிட்டர் வெந்நீர் போதும். 500 லிட்டர் சாதனம் ஒன்று அந்த லைன் முழுவதற்கும் ஈடு கொடுக்கும். ஓட்டு லைனாக இருந்தால் பொதுக் குளியலறைக்கு அருகில் இரும்புச் சட்டம் நிறுத்தி அதன் மேல் வைக்கலாம்.

நாற்பது வாளி வெந்நீரை மின்சாரத்தில் காய்ச்சினால் நாளுக்கு 18 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 250 வெயில் நாளுக்கு 4,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 36,000 ரூபாய். வருஷம் முழுவதும் எல்லோரும் மின்சாரத்தில் காய்ச்சுவதில்லை என்று பாதியாகக் குறைத்தாலும் 18,000 ரூபாய். போட்ட முதல் சில வருஷங்களில் திரும்பிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

வேறு இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரை ஒட்டிய கயெலிட்சா ஏழை உழைப்பாளிகள் வாழும் பெரிய குடியிருப்பு. அங்கே குயாசா என்ற பகுதியில் 2,300 சிறு வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்ச் சாதனம் பொருத்தும் திட்டம் 2005ல் பதிவாகி நிறைவேறியது. பொருத்தும் வேலையை அந்தப் பகுதி மக்களுக்கே கற்றுக் கொடுத்தார்கள். சீனாவில் ஷான்டாங் மாகாணத்து ரிஜாவ் நகரில், மாகாண சர்க்கார் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து விலையைக் குறைத்தது; நகர நிர்வாகம் புதுக் கட்டடங்களில் கட்டாயமாக்கியது. நகரின் மையப் பகுதியில் கிட்டத்தட்ட எல்லா வீடுகளுக்கும் சூரிய வெந்நீர் வந்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2007லேயே குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள். வைத்தவர்களுக்கு மின்சாரக் கட்டணத்தில் தள்ளுபடியும் தந்தார்கள். பெங்களூரைவிடச் சாமளாபுரத்தில் வெயில் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

நமது கோரிக்கைகள்

ஐந்து வீடுகளுக்கு மேல் கட்டி வாடகைக்கு விடும் ஒவ்வொரு லைனிலும் பொதுச் சூரிய வெந்நீர்ச் சாதனம் வைக்க வேண்டும். கூரை யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே. இதைச் சாக்காக வைத்து வாடகையை உயர்த்தக் கூடாது.

2014ல் நிறுத்திய மானியத்தை மீண்டும் கொண்டு வர வேண்டும். அது முதலில் லைன் வீடுகளுக்கும் தொழிலாளர் விடுதிகளுக்கும் விவசாயத் தொழிலாளர் காலனிகளுக்கும் போக வேண்டும்.

மில் ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் பெண்களுக்கு, ஷிப்டு முடிந்து வரும் எந்த நேரத்திலும் வெந்நீர் கிடைக்க வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.

சர்க்கார் கட்டும் வீடுகளில் கூரையோடு கூடவே இதற்கான மேடையும் குழாயும் வைத்துக் கட்ட வேண்டும். 2011ல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் கொடுத்தார்கள், வெந்நீரை மறந்தார்கள். 2024ல் அறிவித்த கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். காங்கிரீட் கூரை போடும்போதே இரண்டு குழாய் பதிப்பது பெரிய செலவல்ல. கட்டி முடித்த பிறகு சுவரை உடைப்பதுதான் செலவு.

சாமளாபுரம் பேரூராட்சி, சொந்தக் கூரையே இல்லாதவர்கள் வாழும் பகுதிகளில் பொதுக் குளியலறை கட்டி, சூரிய வெந்நீர் தர வேண்டும்.

இப்போதே செய்யக் கூடியது

சர்க்கார் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கறுப்பு வர்ணம் பூசிய டிரம்மையோ, சுருட்டிப் போட்ட கறுப்பு ஹோஸ் பைப்பையோ நிழல் விழாத இடத்தில் பகலெல்லாம் வெயிலில் வைத்தால், மாலையில் வேலை விட்டு வருபவனுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் தயார். குளிக்க மட்டும் பயன்படுத்துங்கள், குடிக்க வேண்டாம். விடியற்காலைக்கு இது உதவாது என்றாலும், ஒரு வேளை விறகு மிச்சம்.

சொந்த மாடி உள்ளவர்கள் சாதனம் வாங்குமுன், தெற்கு நோக்கி நிழல் இல்லாத இடம் இருக்கிறதா, தண்ணீர் உப்பா, கண்ணாடிக் குழாய் உடைந்தால் மாற்றுக் குழாய் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

லைனில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடி உட்காருங்கள். பெண்களை முன்னால் உட்கார வையுங்கள். விறகின் கணக்கு அவர்களுக்கே தெரியும். வீட்டுக்கு எத்தனை வாளி, எவ்வளவு விறகு, எவ்வளவு யூனிட் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்தக் காகிதத்தை முதலில் வீட்டுக்காரரிடமும், பிறகு வார்டு கவுன்சிலரிடமும், பேரூராட்சி ஆபீசிலும் கொடுங்கள். ஒரு லைன் கேட்டால் விண்ணப்பம். ஐம்பது லைன்கள் கேட்டால் அதைத் தள்ளி வைக்க யாராலும் முடியாது.

காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதும், புகையில்லாத மூச்சும், தூசு போகக் குளித்த உடம்பும் பெரிய ஆசைகள் அல்ல. வெயில் தினமும் நம் தலைக்கு மேல் வருகிறது. அதை நம் வாளிக்குள் இறக்கும் வேலையை இந்த மார்கழிக்கு முன்னாலேயே தொடங்குவோம்.