முப்பது நாள் கெடு

தூக்கு உறுதி என்று செய்தி வரும். அன்று மாலையே ஓர் அரங்கில் கூட்டம். மறுநாள் துண்டறிக்கை. அடுத்த வாரம் கையெழுத்து இயக்கம். மாதக் கடைசியில் ஆளுநர் மாளிகை நோக்கிப் பேரணி. அதற்குப் பிறகுதான் யாராவது கேட்பார்கள்: "மனுவை யார் எழுதுறது?" மரண தண்டனைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் உழைத்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். 2024 ஜூலை 1 முதல் அது உதவாது.

அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு கருணை மனுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் கைவிட்டுவிட்டது என்று சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும். முதலில் ஆளுநரிடம் போய், அவர் தள்ளுபடி செய்தால் அடுத்த 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போகலாம். மனுப் போடக்கூடியவர்கள் என்று சட்டம் சொல்வது மூன்று தரப்பைத்தான்: தண்டிக்கப்பட்டவர், அவருடைய சட்டப்படியான வாரிசு, வேறு உறவினர். தன்னார்வலர், மனித உரிமை அமைப்பு, வழக்கறிஞர் சங்கம் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ எடுத்த முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று ஓர் உட்பிரிவும் சேர்ந்திருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 32, 226 ஆகிய உறுப்புகள் திறந்து வைத்த வழியை ஒரு சாதாரணச் சட்டம் அடைத்துவிட முடியாது என்பதே இவ்விதழின் பார்வை. ஆனால் அந்த வாதம் வெல்லும்வரை கெடு கெடுதான்.

'வாரிசு' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று இறந்தவரின் குடும்பத்துக்குத்தான் கிடைக்கும். உயிரோடிருப்பவரைக் காப்பாற்றப் போகிறவர் அதைக் கேட்டு நின்றால் எழுத்தர் விழிப்பார். உறவை நிறுவக் குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று ஆகியவைதான் கைகொடுக்கும். பழைய அட்டையில் பெயர் இருந்து, சிறைக்குப் போனபின் நீக்கப்பட்டிருந்தால் அந்தப் பழைய அட்டையின் நகலையே தேட வேண்டியிருக்கும். முப்பது நாளில் பத்து நாளை இது தின்றுவிடும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளனின் கதையை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை வாசிக்கலாம். அதை ஒரு தாயின் போராட்டமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஜோலார்பேட்டை அற்புதம்மாள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஆனால் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு கோப்பின் கதையும்கூட.

1991 ஜூன் 11 அன்று கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. அக்டோபரில் ஆளுநர் பாத்திமா பீவி கருணை மனுக்களைத் தள்ளுபடி செய்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்காமல் ஆளுநர் தாமாக முடிவெடுத்தது செல்லாது என்று நவம்பர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உறை மேல் ஆளுநர் பெயர் இருந்தாலும் முடிவு பிறக்கும் இடம் கோட்டையிலுள்ள அமைச்சரவை அறை என்பது அன்றே தெளிவாகிவிட்டது. கால் நூற்றாண்டு கழிந்தும் நம் துண்டறிக்கைகள் ஆளுநரைத்தான் விளித்துக்கொண்டிருக்கின்றன. தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2000 ஏப்ரலில் அமைச்சரவை அந்த நால்வரில் நளினிக்கு மட்டும் தண்டனைக் குறைப்பைப் பரிந்துரைத்தது. மற்ற மூவரின் மனுக்கள் குடியரசுத் தலைவருக்குப் போயின. போன கோப்பு ஐந்து ஆண்டும் ஒரு மாதமும் மத்திய அரசிடம் கிடந்தது. பிறகு 2005 ஜூன் முதல் ஐந்து ஆண்டு எட்டு மாதம் குடியரசுத் தலைவர் மாளிகையில் கிடந்தது. இப்படித் தேதிவாரியாக அடுக்கப்பட்ட கணக்குதான், 2014 பிப்ரவரி 18 அன்று நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தபோது தீர்ப்பின் முதுகெலும்பாக நின்றது. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பதைக் குறித்து வைப்பது சலிப்பூட்டும் வேலை. அதற்கு மேடையும் கிடையாது, மாலையும் கிடையாது.

இடையில் 2011 வந்தது. ஆகஸ்டு 12 அன்று குடியரசுத் தலைவர் மனுக்களைத் தள்ளுபடி செய்தார். செப்டம்பர் 9 என்று தேதி குறித்தாயிற்று. கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆகஸ்டு 28ஆம் தேதி காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 30ஆம் தேதி உயர் நீதிமன்றம் எட்டு வாரம் தடை விதித்தது. அதே நாளில் தண்டனையைக் குறைக்கக் கோரும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தெருவின் வேகம் இல்லாமல் அந்தத் தீர்மானம் வந்திருக்காது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் உயிரைக் காக்கப் புறப்பட்ட இயக்கத்தில் இன்னோர் உயிர் போனதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பவரின் முதல் கடமை அவர்களைக் கண்ணில் படும் தூரத்தில் வைத்திருப்பது. சோர்ந்து போனவரை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டும்.

மீதிக் கதை தெரிந்ததே. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த முன்னாள் மத்தியப் புலனாய்வு அதிகாரி தியாகராஜன், வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2018 செப்டம்பர் 9 அன்று இந்த வழக்கில் சிறையிலிருந்த ஏழு பேரையும் விடுவிக்க அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டுக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டவற்றில் சிறை நடத்தை, உடல்நலம், சிறைக்குள் படித்த படிப்பு ஆகியவையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1096 என்ற அவருடைய மதிப்பெண் பட்டியல் 2012இல் செய்தித்தாளில் வந்தபோது அது ஒரு சுவையான துணுக்குதான். கோப்புக்குள் போனபின் அதுவே சான்றாகிவிட்டது.

முப்பது நாள் கெடு ஒரு சிறிய ஊரில் எப்படிக் கரையும் என்று பார்க்க இனி கீரனூருக்கு வரலாம். கீரனூர் என்றதும் புதுக்கோட்டைக் கீரனூர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி வட்டத்திலுள்ள கீரனூர். (பிரமாணப் பத்திரத்தில் மாவட்டத்தை எழுதாமல் விட்டால் தபால் எங்கே போகும் என்பதற்கு இந்த ஊரே உதாரணம்.) இங்குள்ள ஒரு குடும்பத்துப் பிள்ளை மதுரை மத்திய சிறையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனுப் போட்டுப் பார்க்கத் தாய் கிளம்பினால் பழனி போய், திண்டுக்கல் போய், பிறகு மதுரை. ஒரு நாள் கூலி போயிற்று. உறவுச் சான்றுகளுக்குக் கிராம நிர்வாக அலுவலரும் பழனி வட்டாட்சியர் அலுவலகமும். நன்னடத்தை அலுவலரைப் பார்க்கவும் இலவச சட்ட உதவி கேட்கவும் திண்டுக்கல். வழக்குக் கட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். தில்லியில் தீர்ப்பு சொன்ன பிறகு இத்தனை படியும் ஏறி இறங்க முப்பது நாள் போதுமா? தீர்ப்புக்கு முன்பே பாதிப் படிகளை ஏறி முடித்திருக்க வேண்டும்.

அதற்கு நீதிமன்றமே ஒரு பிடி கொடுத்திருக்கிறது. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், தண்டிக்கப்பட்டவரின் குடும்பச் சூழல், படிப்பு, மனநலம், சிறை நடத்தை ஆகிய விவரங்களை விசாரணை நீதிமன்ற நிலையிலேயே திரட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கருணை மனுவுக்கு வேண்டியதும் இதே விவரங்கள்தான். அமர்வு நீதிமன்றத்தில் தொடங்கிய கட்டை மூடாமல் வைத்திருந்தால், கடைசி முப்பது நாளில் செய்ய வேண்டியது முகப்புக் கடிதம் எழுதுவது மட்டுமே.

கட்டில் முதலில் சேர வேண்டியது பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல். 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்கு விதிக்கப்பட்டு 28 ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்த ஒருவரை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் விடுவித்தது. சம்பவத்தின்போது அவருக்கு வயது பன்னிரண்டரை. ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளியின் பதிவேட்டில் அந்தப் பிறந்த தேதி அத்தனை ஆண்டும் இருந்தது. கருணையே தேவைப்படாத வழக்கு அது. அந்தப் பள்ளிப் படியை யாரும் மிதிக்கவில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்துகளால் பயனே இல்லையா? 2014 அக்டோபர் 30 அன்று தங்கச்சிமடம் மீனவர்கள் ஐவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. மூன்று வாரத்துக்குள் ஜனாதிபதி ராஜபக்ச மன்னித்தார். ராமேசுவரம் தீவின் கொந்தளிப்பு தில்லியைத் தள்ளியது, தில்லி கொழும்பைத் தள்ளியது. மன்னிப்புக்கு வழிவிட மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. அதே தீர்ப்பில் தண்டனை பெற்ற இலங்கையர் மூவரைப் பற்றி இங்கே பேசியவர்கள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் கதை வேறு. 42.72 கிராம் ஹெராயினுக்காகத் தண்டிக்கப்பட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் நுண்ணறிவு ஈவு 69. ஒரு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிட்டார்கள். கையெழுத்தின் எடையைத் தீர்மானிப்பது அதைப் பெறும் அரசுக்கு அந்த மக்களின் ஓட்டோ உறவோ தேவைப்படுகிறதா என்பதுதான்.

பாதிக்கப்பட்டவர் பக்கத்தை நம் பிரசாரங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. நளினிக்காகச் சோனியா காந்தி கருணை கேட்டதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஸ்ரீபெரும்புதூரில் உறவுகளை இழந்த வேறு குடும்பங்கள் விடுதலையை எதிர்த்து நீதிமன்றம் போனதைச் சொல்வதில்லை. தருமபுரியில் 2000 பிப்ரவரி 2 அன்று வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் பேருந்தில் எரிந்து இறந்தார்கள். அந்த வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட மூவருக்கு 2016இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்தார்கள். கோப்பில் கையெழுத்திட்டவர், எழுவர் கோப்பைக் கிடப்பில் போட்ட அதே ஆளுநர். அந்த விடுதலையைக் கண்டு கொதித்தவர்களில் மரண தண்டனை எதிர்ப்பாளர்களும் இருந்தார்கள். கீரனூர் போன்ற சிறிய ஊரில் இறந்தவரின் வீடு அடுத்த தெருவிலேயே இருக்கும். கையெழுத்துத் தாளோடு அந்தத் தெருவில் நுழைவதற்கு முன், தாள் இல்லாமல் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய்வருவது நல்லது. கதவைச் சாத்தினால் திரும்பிவிட வேண்டும்.

472ஆம் பிரிவில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. மாநில அரசின் கருத்து கிடைத்த 60 நாளுக்குள் மத்திய அரசு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரை செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கருத்தை மாநிலம் எத்தனை நாளில் அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. குடியரசுத் தலைவருக்கும் கெடு கிடையாது. முப்பது நாள் கெடு கொட்டடியில் இருப்பவருக்கு மட்டும்தான். எனவே மனுப் போன மறுநாளே அடுத்த வேலை தொடங்குகிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனு ஒன்று மாநில உள்துறைக்குப் போகட்டும். கோப்பு எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்ற ஒரே கேள்வி போதும். தகவல் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவின்படி, ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பிரிவு எண்ணை மனுவின் தலைப்பிலேயே, கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.