புயல் போச்சு! பாலிசி எங்கே?

புயல் வருகிறது என்றால் சென்னை நகர மக்கள் பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் ஓடுகிறார்கள். புயல் ஓய்ந்ததும் நிவாரணத் தொகை எப்போது வரும் என்று ரேஷன் கடையில் விசாரிக்கிறார்கள்.

ஆனால் தாங்களே பணம் கட்டி எடுத்த வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி எங்கே கிடக்கிறது என்று பீரோவைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. மதில் சுவர் இடிந்த வீடுகள் உண்டு. கூரைத் தகடு பறந்த வீடுகள் உண்டு.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தது. அது கரையைக் கடந்தது என்னவோ ஆந்திராவில், பாபட்லா பக்கம். ஆனால் போகிற போக்கில் சென்னையை மூழ்கடித்து விட்டுப் போனது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது.

அரசு ரூ.6 ஆயிரம் நிவாரணம் கொடுத்தது. அந்த நேரத்து அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் ஊறிப்போன கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பாழாய்ப் போன வயரிங், இத்தனைக்கும் ரூ.6 ஆயிரம் எந்த மூலைக்கு?

வங்கியில் தூங்கும் பாலிசி

கடன் வாங்கி வீடு கட்டியவர்களும் பிளாட் வாங்கியவர்களும் நகரில் ஏராளம். கடன் கொடுக்கும்போதே வீட்டுக்கும் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்வது வங்கிகளின் வழக்கம். பிரீமியம் கடன்காரர் தலையில்தான் விழுகிறது.

"கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன். என்ன பாலிசின்னு யாருங்க கண்டா?" என்று சொல்பவர்களுக்கும் குறைவில்லை.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கடன் வாங்கியவர் இறந்து விட்டால் கடனை அடைக்கும் பாலிசி வேறு. புயலில் வீடு சேதமானால் பணம் தரும் பாலிசி வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டும் இருப்பதாக நினைப்பவர்கள், கூரை போன பிறகுதான் விழிக்கிறார்கள்.

எனவே வங்கிக் கடன் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம், கிளைக்குப் போய்ப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குவதுதான்.

எதற்கெல்லாம் பணம்?

2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல், "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது.

புயல், வெள்ளம், இடி, நிலநடுக்கம், தீ எல்லாமே இதில் அடக்கம். வீட்டோடு சாமான்களையும் சேர்த்து எடுத்திருந்தால், தனிப் பட்டியல் கொடுக்காமலே கட்டிடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை, சாமான்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இடிபாட்டை அள்ளுகிற செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.

கட்டிடத் தொகை என்பது வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனையின் விலை இதில் சேராது. வாசலில் நிற்கும் கார், ஸ்கூட்டருக்கு அதனதன் வண்டிப் பாலிசியைத்தான் பார்க்க வேண்டும்.

குப்பைக்குப் போகும் சாட்சி

தண்ணீர் வடிந்ததும் வீட்டுப் பெண்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? துடைப்பத்தை எடுக்கிறார்கள். சேறு நாற்றம் அப்படி! மெத்தை, சோபா, மர அலமாரி எல்லாம் தெருவுக்கு வருகிறது. மாநகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போகிறது.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் லாரியில் போவது குப்பை மட்டும் அல்ல. நஷ்டத்துக்கான சாட்சியும் அதோடு போகிறது.

நாலாவது நாள் சர்வேயர் வந்து, "பிரிட்ஜ் எங்கே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

துடைப்பத்தை எடுக்கும் முன் செல்போனை எடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கறை, விரிசல், விழுந்த மரம், ஒவ்வொரு சாமானும் படத்தில் வர வேண்டும். மெஷின்களின் மாடல், நம்பர் எழுதிய ஸ்டிக்கரையும் படம் எடுக்க வேண்டும். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வைக்க வேண்டும்.

கூரையில் ஓட்டை என்றால் தார்ப்பாய் போட்டு மூடலாம். சேதம் பெருகாமல் தடுப்பது வீட்டுக்காரரின் கடமையும்கூட. தார்ப்பாய்க்கும் கூலிக்கும் ரசீது வாங்கி வைத்துக் கொண்டால் போதும்.

சர்வேயர் சொன்னால் முடிந்ததா?

சர்வேயர் உரிமம் பெற்றவர். ஆனால் அவரை அனுப்புவது கம்பெனி. அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் கம்பெனி. அதனால் அவர் வருகிறபோது வீட்டுக்காரர் கைகட்டி நிற்கக் கூடாது.

"இது பழைய ஓதம்", "இந்த விரிசல் முன்னாடியே இருந்தது" என்று எழுதி விட்டால் தொகை பாதியாகக் குறையும். புயலுக்கு முன் எடுத்த குடும்பப் படம் ஒன்றில் அந்தச் சுவர் தெரிந்தால் அதுவே பதில்! கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். சர்வேயர் கொடுத்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கவும் பாலிசிதாரருக்கு உரிமை உண்டு.

2024-ல் ஆணையம் கெடு விதித்தது. தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்றும் சொல்லி இருக்கிறது.

வெள்ளத்தில் ரசீது போனவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் ஏது? ஆனால் இப்படி ஒரு விதி இருப்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்!

"முழுத் தொகையும் பெற்றுக் கொண்டேன்" என்று ஒரு தாள் வரும். படிக்காமல் கையெழுத்து போடக் கூடாது. தொகை குறைவு என்றால் ஆட்சேபத்தை அங்கேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வக்கீல் தேவை இல்லை

கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவருடைய அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவை இல்லை. 2023-ல் இவருடைய வரம்பு ரூ.30 லட்சத்தில் இருந்து ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. அது வேண்டாம் என்றால் நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது.

செய்வார்களா?

இத்தனையும் மக்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கைகழுவி விட முடியாது. இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பவனிடம் விதிமுறை பேசுவது நியாயம் ஆகாது.

வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகள், பாலிசி நகலையும் தமிழில் ஒரு பக்க விளக்கத்தையும் கடன்காரர் கையில் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் அக்டோபரிலேயே, "உங்கள் வீட்டுக்கு இந்தக் கம்பெனியில், இந்தத் தொகைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று ஒரு தகவல் அனுப்ப வேண்டும். பிரீமியம் பிடிக்கத் தெரிந்த வங்கிக்கு இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல.

இன்சூரன்ஸ் கம்பெனிகள், தண்ணீர் வடிந்த உடனே பாதித்த வார்டுகளில் மேஜை போட்டு உட்கார வேண்டும். பாலிசி விற்க வீடு தேடி வருகிறவர்கள், பணம் கொடுக்கவும் வீடு தேடி வரட்டும்!

நிவாரணம் என்பது அரசு பார்த்துக் கொடுப்பது. இன்சூரன்ஸ் பணம் அப்படி அல்ல. அது மக்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணத்துக்கு எழுதிக் கொடுத்த உறுதி. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொடுப்பதில் இழுத்தடிக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

வங்கக் கடல் சும்மா இருக்காது. அடுத்த புயல் வருவதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் விழித்துக் கொள்வார்களா?