வலிக்குக் காவல் இருப்பவர்கள்

மோர்ஃபின் என்ற சொல்லை நம் வீட்டுக் கூடத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் பெரியப்பா முதல் அடுப்படியில் நிற்கும் சித்தி வரை முகம் மாறும். 'அதைக் குடுத்துட்டா முடிஞ்சிதுன்னு அர்த்தம்' என்பார் ஒருவர். 'பழகிடும்' என்பார் இன்னொருவர். சில மாதங்களே மிஞ்சியிருக்கலாம் என்கிற நிலையில், எலும்பு வரை வலிக்கும் ஒருவருக்கு ஒரு மருந்து பழகிவிட்டால்தான் என்ன? யாரும் இதைக் கேட்பதில்லை.

புற்றுநோய் வலியில் நம்மவர்கள் துடிப்பதற்குப் பல நேரம் வீடுதான் காரணம் என்கிறேன். பணத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது 5 ரிங்கிட். மவுண்ட் மிரியம் 1976லிருந்து இந்தத் தீவில் புற்றுநோய்க்கென்றே இயங்குகிறது. பினாங்கு ஹாஸ்பிஸ் சங்கத்தின் தாதிகள் கட்டணம் வாங்காமல் வீட்டுக்கே வருகிறார்கள். கதவைத் திறக்க வேண்டியது நாம்.

பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். டாடாஹ் எதிர்ப்புச் சுவரொட்டிகளைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போன தலைமுறை நாங்கள். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் மோர்ஃபினும் இருக்கிறது. தோட்டத்துச் சம்சு எத்தனை குடும்பங்களைக் குடித்தது என்று பாட்டிமார் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பினாங்கு தன் வருமானத்தில் பெரிய பங்கை அபினிக் குத்தகையிலிருந்துதான் எடுத்தது. போதை என்றால் நடுங்க நமக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த நடுக்கத்துக்கான விலையைப் படுக்கையில் கிடப்பவர் ஏன் கட்ட வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்கு வழிமுறை வகுத்துவிட்டது. கடும் வலிக்கு மோர்ஃபின், முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரத்தைப் பார்த்து. திரவ மோர்ஃபின் என்றால் பொதுவாக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி திரும்பி வரும் முன்பே. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். 'தாங்க முடியலன்னா குடுக்கலாம்' என்று அலறல் வரும்வரை காத்திருக்கிறோம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளன். இயந்திரம் கருகி நின்ற பிறகுதான் விசிறியைப் போடுவேன் என்று ஒருவன் சொன்னால், அவனை மறுநாள் வேலைக்கு வரச் சொல்ல மாட்டோம்.

என் அத்தைக்கு மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவியபோது, எழுதிக் கொடுத்த போத்தல் இரண்டு வாரம் ஃபிரிஜ் மேல் மூடி திறக்காமல் இருந்தது.

'தம்பி, ஒனக்குத் தெரியாதுடா. குடுத்தா அவ எந்திரிக்கவே மாட்டா.'

'அத்தகிட்ட கேட்டீங்களா மாமா?'

'அவளுக்கு என்ன சீக்குன்னே தெரியாதே. எப்புடிக் கேக்குறது?'

முழுச் சிக்கலும் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. தலைமுடி கொட்டி, ரேடியேஷனுக்குப் போய்வந்த மனுஷிக்குத் தெரியாதாம்! பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் வலியைப் பற்றியும் பேச முடியாது, மருந்தின் பெயரையும் சொல்ல முடியாது. பிறகு வீட்டுக்கு வந்த தாதி சுற்றி வளைக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு வலி என்று நேராக அத்தையிடமே கேட்டார். 'எட்டு. ராத்திரியில பத்து' என்றார் அத்தை, எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு. அன்றிரவு தூங்கினார். முதல் சில நாள் மயக்கமாக இருந்தது, பிறகு தெளிந்தது. எந்திரிக்க மாட்டார் என்றார்களே, இன்னும் ஐந்து மாதம் அஞ்சடியில் நாற்காலி போட்டு வெங்காயம் உரித்தார், மாமாவைத் திட்டினார், தைப்பூசத்தின்போது வெள்ளி ரதத்தை வாசலிலிருந்தே பார்த்துக் கும்பிட்டார்.

இந்த ஒளித்துவைத்தலை நமக்குத் தியாகமாகக் காட்டியது சினிமா. 1982இல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு படங்களில் நாயகன் தன் நோயைக் காதலியிடம் மறைக்கிறான், நாம் கைக்குட்டை நனைத்தோம். அங்காவது மறைப்பது நோயாளி. வீட்டில் நோயாளியிடமே மறைக்கிறோம். எழுதுகிறவர்களும் யோக்கியமில்லை. நான் படித்த உள்ளூர்ச் சிறுகதைகளில் புற்றுநோய் பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ஆளைக் கொல்லத்தான் வருகிறது. வாய்ப்புண்ணோடு சோறு தின்பதையும், விடுப்புக்காக முதலாளியிடம் கெஞ்சுவதையும், அந்த நோயோடு ஓடும் வருஷங்களையும் யார் எழுதினோம்?

பேலியேட்டிவ் கேர் என்றால் கைகழுவிவிடுவது என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2010இல் பாஸ்டனில், பரவிவிட்ட நுரையீரல் புற்று உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வு. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தது, மனச்சோர்வும் குறைவு. மலேசியாவில் 2012 முதல் 2016 வரை பதிவான புற்றுநோய்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டவை. தணிப்பு என்பது இங்கே யாரோ சிலருக்கான விஷயம் இல்லை.

'சொன்னா உடைஞ்சிடுவாங்க' என்ற வாதம் மிச்சமிருக்கிறது. எல்லாவற்றையும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும், அவர்கள் தூங்குவதாக நினைத்துக்கொண்டு பக்கத்து அறையில் ஆண்கள் கூடி முடிவு செய்வதல்ல. முக்கால்வாசி நேரம் அவர்கள் தூங்குவதும் இல்லை, வலி விடாது. மோர்ஃபினோடு மலச்சிக்கலுக்கும் ஒரு மருந்து எழுதித் தருவார்கள். அந்தப் போத்தலையும் ஃபிரிஜ் மேல் வைத்துவிடாதீர்கள்.